டியூப் இல்லாமல் ஓடிய வருஷம்

பயம் வந்துதான் நான் சைக்கிள் மிதிக்க ஆரம்பித்தேன். என் அப்பா நாற்பத்து நான்கு வயதில் போய்ச் சேர்ந்தவர். மில்லில் காலை ஷிப்ட் முடித்து வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தட்டில் சோற்றைப் போட்டு அம்மா கூப்பிட்டபோது எழுந்திருக்கவில்லை. அப்போது எனக்குப் பதினைந்து வயது. அதற்குப் பிறகு அப்பாவின் வயதுக்கு எனக்கு இன்னும் எவ்வளவு பாக்கி என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. கல்யாணப் பந்தியில் ஓடும், ரேஷன் வரிசையில் ஓடும். நாற்பதைத் தாண்டியதும் அது சத்தம் போட்டு ஓட ஆரம்பித்தது.

டாக்டர் ரத்தத்தைப் பார்த்தார், இ.சி.ஜி. எடுத்தார். "கொழுப்பு கொஞ்சம் ஜாஸ்தி. சர்க்கரை வாசல்ல வந்து நிக்குது. நடங்க, இல்ல சைக்கிள் ஓட்டுங்க" என்றார். நடப்பது எனக்கு ஆகாது. நடந்தால் யோசனை வரும், யோசனை வந்தால் நெஞ்சு படபடக்கும். ஆரோவில் பக்கம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊர் திரும்பும்போது தன் பந்தய சைக்கிளை விற்றுவிட்டுப் போகப் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டு அதை வாங்கினேன். ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார், கட்டைவிரல் அகலத்தில் டயர். நான் அதில் குனிந்து உட்கார்ந்து பழகுகிற வரைக்கும் முதலியார்பேட்டையில் எங்கள் தெருவே வாசலில் நின்று சிரித்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்புவேன். அரியாங்குப்பம் பாலம் ஏறி இறங்கி, தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் என்று கடலூர் சாலையில் போய்த் திரும்புவேன். வீட்டுக்கு வந்து வியர்வை அடங்க உட்காரும்போது, இந்த வாரத்துக்குத் தலை தப்பியது என்று ஒரு நிம்மதி வரும். அது அடுத்த சனிக்கிழமை வரை தாங்கும்.

ஒரு ஞாயிறு தவளக்குப்பம் சந்திப்பில், கடைக்காரர்கள் காய்கறி மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில், என் முன் சக்கரத்து டியூப் வெடித்தது. சத்தம் கேட்டு எல்லாரும் திரும்புவதற்குள் நான் தரையில் கிடந்தேன். என் தலைக்கு ஒரு முழம் தள்ளி ஒரு பஸ்ஸின் முன் டயர் கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் இறங்கி வந்தார். என்னைத் திட்டவில்லை. "எழுந்திருங்கண்ணே, எனக்கே கை ஆடுது" என்றார். திட்டியிருந்தால் தேவலை. முழங்கைத் தோல் உரிந்ததோடு போயிற்று. ஆனால் அந்த பஸ் டயரின் பள்ளத்தில் ஒட்டியிருந்த சின்னக் கல்லைக்கூட நான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்துவிட்டேன். பார்த்தவன் மறுபடி எப்படி ஏறுவது?

சைக்கிள் வீட்டு நடையில் சுவரோரம் நின்றது. அதைக் கடந்து போகும்போதெல்லாம் எதிர்ச் சுவரை ஒட்டி நடந்தேன். ஏறினால் பஸ். ஏறாவிட்டால் அப்பாவின் நாற்காலி. சேதராப்பட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் எனக்குத் தரம் பார்க்கிற வேலை. பக்கெட்டையும் மூடியையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எங்கே விரிசல் விடும் என்று பார்க்க வேண்டும். குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவன் வீட்டுக்கு வந்தாலும் அதையேதான் செய்வான்.

என் மனைவி இதற்கு நேர் எதிர். தலையணையில் தலை பட்டால் தூங்கிவிடுவாள். நான் விழுந்து வந்த அன்றும் முழங்கைக்கு மருந்து போட்டுவிட்டு, "நல்ல சட்ட, கிழிஞ்சிபோச்சு" என்று சொல்லி உச்சுக் கொட்டினாள். அவ்வளவுதான், படுத்தாள், தூங்கினாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. புருஷன் பஸ்ஸுக்கு அடியில் போகவிருந்தான், இவளுக்குச் சட்டை போய்விட்டதாம். இந்த வீட்டில் பயப்பட நான் ஒருவன்தான் என்று முடிவு கட்டி, அவள் பங்குக்கும் சேர்த்து நானே பயந்தேன்.

எங்கள் அக்காவைப் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள மாப்பிள்ளைக்குக் கொடுத்திருந்தோம். எங்கள் ஊரில் அது வழக்கமான சம்பந்தம்தான். மாமா பாரிசுக்கு வெளியே ஒரு சிற்றூரில் கிடங்கு வேலையில் இருந்தார்; அம்மாவும் அவர்களோடுதான் இருந்தாள். வருஷா வருஷம் ஜூலை பிறந்தால் வந்து ஒரு மாதம் தங்குவார்கள். அக்காவும் எனக்காகத் தனியாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும். போனில் எதையாவது பேசிக்கொண்டே, "உனக்கு இப்ப நாப்பத்தி ரெண்டா, மூணாடா?" என்று தெரியாதவள் மாதிரி கேட்பாள். கூடப் பிறந்தவளுக்குத் தம்பியின் வயது தெரியாதா?

நான் விழுந்ததையும், அதற்கப்புறம் சைக்கிளைத் தொடவில்லை என்பதையும் சொன்னபோது அவள் அழுதாள். விழுந்ததற்கு அழுகிறாளா, ஏறாமல் இருப்பதற்கு அழுகிறாளா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. "இரு, மாமாகிட்ட சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டாள்.

அந்த ஜூலையில் வழக்கமாக வருகிற சாக்லேட்டும் சென்ட் பாட்டிலும் குறைந்துபோயின. அவற்றின் இடத்தில் ஒரு பெரிய அட்டைப் பெட்டி வந்திருந்தது. மாமாவுக்கு சைக்கிள் என்றால் உயிர். ஆனால் சைக்கிள் என்று சொல்லமாட்டார், வெலோ என்பார். டியூப் அவருக்கு சாம்பரேர். பெட்டியைப் பிரித்து இரண்டு சக்கரங்களை வெளியே எடுத்தார். ஒன்றை வாங்கி ஒற்றை விரலில் தூக்கினேன். கையில் ஒன்றும் இல்லாத மாதிரி இருந்தது. எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். நான் அதை மெதுவாகக் கீழே வைத்தேன். இவ்வளவு லேசான ஒன்று என்னை எப்படித் தாங்கும்?

"மாப்ள, இதுல சாம்பரேரே கெடையாது. உள்ள வெடிக்கறதுக்கு ஒண்ணுமே இல்லன்னா எது வெடிக்கும் சொல்லு" என்றார் மாமா.

டயரின் விளிம்பே ரிம்மின் பள்ளத்தில் இறுகி உட்கார்ந்து காற்றைப் பிடித்துக்கொள்ளுமாம். உள்ளே பால் மாதிரி ஒரு திரவம் ஊற்ற வேண்டும். முள் குத்தினால் அந்தத் திரவம் ஓட்டைக்கு ஓடிப்போய் உறைந்து அடைத்துவிடும். டியூப் உள்ள டயர் பள்ளத்தில் விழுந்தால் டியூப் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் நசுங்கிக் கிழியும். இதில் நசுங்க ஒன்றும் இல்லை. அதனால் காற்றைக் கொஞ்சம் குறைத்தே வைக்கலாம், முதுகு அதிராது. இப்படி அடுக்கிக்கொண்டே போனவர் கடைசியில் சொன்னதைத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்: "காத்து எறங்கினாலும் மெதுவாத்தான் எறங்கும். நீ ஓரமா நிறுத்தி எறங்கற வரைக்கும் டைம் குடுக்கும்."

"லேசான ரிம் எதுக்கு மாமா?"

"மிதிச்ச ஒடனே பறக்கும். மேடு ஏறறப்போ தெரியும் பாரு."

"இந்த ஊர்ல மேடு எங்க இருக்குது? அரியாங்குப்பம் பாலத்த விட்டா வேற ஒண்ணும் கெடையாது."

அக்கா சிரித்துவிட்டாள். மாமாவுக்கு மூக்கு உடைந்தது. ஆனால் நான் கிண்டலுக்குக் கேட்கவில்லை. என் மண்டைக்குள் குறைகள் வரிசை கட்டி நின்றன. என் எடைக்கு இந்த ரிம் ஒரு பள்ளத்தைத் தாங்குமா? மழைக்காலம் முடிந்தால் எங்கள் சாலையில் பள்ளத்துக்கு நடுவில்தானே ரோடு இருக்கும்? உப்புக் காற்று இதை என்ன செய்யும்? முள்ளை அடைக்கிற திரவம் பாட்டில் சில்லை அடைக்குமா? ஞாயிறு காலையில் எங்கள் ஊர்ச் சாலையோரம் எவ்வளவு பாட்டில் சில்லு கிடக்கும் என்பது வெளிநாட்டில் இருப்பவருக்கு மறந்துபோயிருந்தது. தெருவுக்கு ஒரு பஞ்சர் கடை உண்டு. எல்லாமே டியூபை வெளியே இழுத்துத் தண்ணீரில் முக்கிப் பார்க்கிற கடைகள். இழுக்க டியூப் இல்லாத சக்கரத்தைக் கொண்டுபோனால் அவர்கள் என்னத்தை முக்குவார்கள்?

ஒவ்வொன்றாகக் கேட்டேன். மாமா முதலில் பொறுமையாகப் பதில் சொன்னார், அப்புறம் குரல் உயர்ந்தது. "நீ ஓட்டறியா, இல்ல நான் திரும்ப எடுத்துட்டுப் போகட்டுமா?" என்றார். அக்கா பக்கத்தில் வந்து, "ஓட்டுடா. எனக்காக ஓட்டு" என்றாள். அவள் கண்ணைப் பார்த்த பிறகு, பெட்டியில் இருந்த டயர்களை நானே எடுத்து மாமாவிடம் நீட்டினேன்.

டயரை ரிம்மில் ஏற்றுவதற்குள் மாமாவின் கட்டைவிரல்கள் இரண்டும் சிவந்துவிட்டன. அவ்வளவு இறுக்கம். விளிம்பெல்லாம் பாத்திர சோப்பு நுரை தடவி, முட்டிபோட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றினோம். கைப்பம்பில் அடித்தால் அடிக்க அடிக்கக் காற்று பக்கவாட்டில் போயிற்று. ஒரே மூச்சில் காற்றை உள்ளே தள்ளினால்தான் விளிம்பு போய் உட்காருமாம். மரப்பாலம் சந்திப்பில் ஒரு லாரி டயர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கடைக்காரர் சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், டியூப வீட்லயே வெச்சிட்டு வந்துட்டீங்களே" என்றார்.

மாமா விளக்கியதை அவர் காது கொடுத்துக் கேட்டதாகத் தெரியவில்லை. கம்ப்ரசர் குழாயை மாட்டினார். காற்று சீறியது. டயர் முறுக்கிக்கொண்டு உப்பியது. டப் என்று ஒரு சத்தம். நான் பக்கத்தில் கிடந்த லாரி டயருக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். மறுபடி டப், டப். "வெடிக்கல மாப்ள, விளிம்பு போய் உக்காருது. இந்தச் சத்தம் வந்தாத்தான் சரியா மாட்டியிருக்குன்னு அர்த்தம்" என்று மாமா கத்தினார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

அந்த ஞாயிறு ஏறினேன். உண்மையைச் சொல்ல வேண்டும், சக்கரம் அருமையாக ஓடியது. பழைய சக்கரத்தில் ரோட்டின் ஒவ்வொரு பொருக்கும் பல்லில் தெரியும். இதில் உள்ளங்கையில் லேசாகத் தெரிந்தது, அவ்வளவுதான். பெடலை அழுத்தியதும் முன்னால் பாய்ந்தது. தவளக்குப்பம் சந்திப்பை ஹேண்டில்பாரை நெரித்துக்கொண்டு கடந்தேன். திரும்பி வந்தபோது அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள். ஆகஸ்டில் அவர்கள் கிளம்பும்போது, மிச்சமிருந்த ஒரு பாட்டில் திரவத்தை மாமா என் கையில் கொடுத்து, "நம்ம ஊரு வெயிலுக்கு சீக்கிரம் காஞ்சிடும், அப்பப்ப ஊத்திக்க" என்றார்.

அதற்குப் பிறகு கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்ப்பது எனக்கு வியாதி மாதிரி ஆகிவிட்டது. வேலைக்குக் கிளம்பும்போது ஒரு தடவை, திரும்பி வந்ததும் ஒரு தடவை, சாப்பிட்டுவிட்டுக் கை கழுவியதும் ஒரு தடவை. ஆனால் மாமா சொன்னது பொய்யில்லை. எங்கள் சாலையோரமெல்லாம் வேலிக்காத்தான். அதன் முள் ஏறாத வாரமே கிடையாது. முள் இறங்கிய இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும், அத்தோடு சரி. சொன்னபடி நடந்துகொள்கிற ஒரு பொருளை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. டீக்கடையிலும் கம்பெனி கேன்டீனிலும் பாடமே நடத்தினேன். உள்ளே திரவம் நன்றாக இருந்தால் முள்ளைப் பிடுங்கலாம், அடைத்துக்கொள்ளும். திரவம் காய்ந்துபோயிருந்தால் தொடவே கூடாது, அந்த முள்தான் அடைப்பு, வீடு வந்து சேருகிற வரைக்கும் அதுவே காற்றைக் காப்பாற்றும் என்றெல்லாம் சொன்னேன். கேட்டவர்கள் டீ ஆறுகிறது என்றார்கள். வீட்டில் சொல்லவில்லை. என் மனைவி கேட்டதும் இல்லை.

மார்கழிக்குள் பாட்டில் தீர்ந்துவிட்டது. முன்பெல்லாம் சக்கரத்தைக் காதோரம் வைத்து ஆட்டினால் உள்ளே சளக் சளக் என்று கேட்கும். தை முடிவதற்குள் அந்தச் சத்தம் நின்றது. சென்னையில் தெரிந்தவர்களிடம் சொல்லி அந்தத் திரவம் கிடைக்குமா என்று விசாரித்தேன். மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றுகிற ஏதோ ஒன்றைக் காட்டினார்கள். போனில் சொன்னதும் மாமா பதறிப்போனார். "அத ஊத்தித் தொலைக்காத, ரிம்ம அரிச்சிடும். ஜூலைல நான் கொண்டாறேன்" என்றார்.

ஜூலை வரைக்கும் என்ன செய்வது? பழைய சக்கரங்களை மாட்டலாம். அவற்றைப் பார்த்தாலே எனக்கு அந்த பஸ் டயர்தான் ஞாபகம் வந்தது. ஓட்டாமல் இருக்கலாம். ஆனால் சித்திரையில் எனக்கு நாற்பத்து நான்கு பிறக்கிறது. அப்பா நாற்பத்து நான்கு பிறந்த சில வாரங்களில் போனவர். இத்தனை நாள் மிதித்துவிட்டுச் சரியாக இந்த நேரத்தில் நிறுத்தினால், நிறுத்தியதே காரணமாகிவிடும் என்று தோன்றியது. பைத்தியக்காரத்தனம்தான். பயம் வந்தவனிடம் நியாயம் பேசிப் பிரயோஜனம் இல்லை. அவசரத்துக்கு ஒரு டியூப், டயரைக் கழற்றுகிற பிளாஸ்டிக் நெம்புகோல்கள், சின்ன பம்பு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு சீட்டுக்கு அடியில் கட்டிக்கொண்டு ஓட்டினேன்.

இதில் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. சனிக்கிழமை மதியம் கல்லு மாதிரி இருக்கிற டயர் ஞாயிறு காலையில் தளர்ந்திருக்கும். முள் ஏறியிருக்க வேண்டும் என்று டார்ச் அடித்துத் தேடினால் ஒரு முள்ளும் இல்லை. குறை தெரிந்தால் எனக்குப் பாதி பயம் போய்விடும். கண்ணுக்குப் படாத குறையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? காற்றை அடித்து, காதை வைத்துக் கேட்டு, சாமியைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்புவேன்.

மாசியில் ஒரு ஞாயிறு அப்படித்தான் கிளம்பினேன். கடலூர் சாலையில் கூட்டம் அதிகமாக இருந்ததால் கிருமாம்பாக்கம் தாண்டிப் பாகூர் சாலையில் திரும்பினேன். இரண்டு பக்கமும் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. ஒரு வளைவில் ஹேண்டில்பார் கனத்தது. ஈரச் சாக்கின் மேல் ஓட்டுகிற மாதிரி முன் சக்கரம் இழுத்தது. காற்று இறங்குகிறது என்று புரிந்துவிட்டது. மாமா சொன்ன மாதிரி அது டைம் கொடுக்கத்தான் செய்தது. ஓரம் கட்டினேன், வேகம் குறைந்தது, கால் ஊன்றப்போகிற நேரத்தில் ஒரு பள்ளம். காற்றில்லாத டயர் அமுங்கி, ரிம் நேராகப் பள்ளத்தின் விளிம்பில் போய் மோதியது. டொங் என்று ஒரு சத்தம். நான் விழவில்லை, தாவி இறங்கிவிட்டேன். சக்கரம் பொரித்த அப்பளம் மாதிரி வளைந்துபோயிருந்தது. கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று என் தோளை உரசுகிற மாதிரி கடந்து போயிற்று.

அது போன பிறகு சைக்கிளைப் புல்லில் சாய்த்தேன். வரப்போரம் உட்கார்ந்தேன். இடது மார்பில் ஏதோ இறுக்கிப் பிடித்தது. பயமா, இதயமா? இரண்டும் ஒரே இடத்தில்தான் வலிக்கும், யாரிடம் போய்க் கேட்பது? அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா என்று நினைத்தேன். நினைத்ததும் இறுக்கம் கூடியது. மனைவிக்கு போன் போட்டேன்.

"டயர் எறங்கிடுச்சு" என்றேன்.

"எங்க இருக்கீங்க?"

"பாகூர் ரோட்டுல. கிருமாம்பாக்கத்துலேருந்து திரும்பினா..."

"நெஞ்சு வலிக்குதா?"

நான் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. "இல்ல" என்றேன்.

"எழுந்திருக்காதீங்க. உக்காந்த எடத்துலயே இருங்க. வர்றேன்."

கொஞ்ச நேரத்தில் மார்பின் இறுக்கம் தானாகத் தளர்ந்தது. சும்மா உட்கார்ந்திருந்தால் மறுபடி வந்துவிடும் என்று சக்கரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். டயரை எடுத்துவிட்டு உள்ளே டியூபைப் போடலாம் என்று பார்த்தேன். நெம்புகோல் ஒன்று உடைந்தது, இன்னொன்று வளைந்தது, டயர் அசையவில்லை. அசைந்திருந்தாலும் அந்த ரிம் இனி உருளாது. கைப்பம்பால் காற்றைத் திணித்துக் குடிநீரை டயர்மேல் ஊற்றினேன். இரண்டு இடத்தில் ஊசி முனை அளவுக்குக் குமிழி வந்தது. இரண்டிலும் முள் இல்லை.

அவள் ஸ்கூட்டியில் வந்து சேர்ந்தாள். தெருமுனைக் கடைக்குப் போகக்கூடச் சேலை மாற்றுகிறவள், நைட்டிமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு கிருமாம்பாக்கம் தாண்டி வந்திருந்தாள். வண்டியை நிறுத்தியவள் சக்கரத்தைப் பார்க்கவில்லை. நேராக வந்து என் மார்பில் உள்ளங்கையை வைத்தாள். வைத்த கையைக் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. அப்புறம்தான் எழுந்து சைக்கிளைப் பார்த்தாள்.

"முள்ளே இல்ல. ஆனா ரெண்டு எடத்துல காத்து போவுது. எனக்கு ஒண்ணும் புரியல" என்றேன்.

"முள்ளா? அத நேத்து சாயங்காலமே எடுத்துட்டனே" என்றாள்.

அவள் தாலிச் சரட்டில் எப்போதும் ஓர் ஊக்கு தொங்கும். அதை விரலால் தொட்டுக் காட்டினாள். சனிக்கிழமை சாயங்காலம் நான் மார்க்கெட்டுக்குப் போன பிறகு, சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, முள், சில்லு, ஆணி எது இருந்தாலும் ஊக்கால் நெம்பி எடுத்துவிடுவாளாம். எப்போதிலிருந்து என்று கேட்டேன். புதுச் சக்கரம் வந்த முதல் வாரத்திலிருந்து என்றாள்.

எனக்குத் தலைக்கேறியது. "எடுக்கக் கூடாது. அந்த முள்ளு இருந்தாத்தான் காத்து நிக்கும். அதப் புடுங்கினதாலதான் எறங்குது" என்று கத்தினேன்.

"அது எனக்கு எப்படித் தெரியும்? முள்ளு குத்தினா புடுங்கறதுதான? உள்ளயே விட்டுட்டு யாராவது சும்மா இருப்பாங்களா?"

"உனக்கு எதுக்கு இந்த வேல? நீதான் எதுக்கும் பயப்படமாட்டியே. படுத்தா தூங்கிடற. சித்திரை வந்தா எனக்கு எங்க அப்பா வயசு. அந்தப் பயம் எனக்குத்தான் தெரியும்."

அவள் எனக்குப் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்தாள். துண்டை இழுத்து விட்டுக்கொண்டாள். எதிர் வயலில் கரும்பு வெட்டுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"உங்க அப்பா போனப்போ உங்க அம்மாவுக்கு என்ன வயசு?"

சட்டென்று சொல்ல வரவில்லை. யோசித்துக் கூட்ட வேண்டியிருந்தது. அம்மாவுக்குப் பத்தொன்பது வயதில் அக்கா பிறந்தாள். அப்பா போனபோது அக்காவுக்குப் பத்தொன்பது. பதினைந்து வயதிலிருந்து பந்தியிலும் வரிசையிலும் விடாமல் கணக்குப் போட்டவன், இந்த ஒரு கூட்டலை மட்டும் போட்டுப் பார்த்ததே இல்லை.

"முப்பத்தெட்டு" என்றேன்.

"எனக்கு?"

தை மாதம்தான் அவளுக்கு முப்பத்தெட்டு பிறந்திருந்தது. நான்தான் கேசரி கிண்டச் சொல்லிச் சாப்பிட்டேன்.

"ரெண்டு பேரும் முழிச்சிக்கிட்டு கெடந்தா வீட்ட யாரு பாக்கறது?" என்றாள் அவள். "நானும் பயந்தேன்னு தெரிஞ்சா நீங்க சைக்கிள்ல ஏறவே மாட்டீங்க. ஏறலன்னாலும் எனக்குப் பயம். ஏறிட்டா திரும்பி வர்ற வரைக்கும் பயம். என்னால என்ன செய்ய முடியும்? முள்ளத்தான் எடுக்க முடிஞ்சிது. எடுத்தேன்."

அவள் அழவில்லை. குரல்கூட உயரவில்லை. அப்பா போன அன்றைக்கு அம்மா எங்கே நின்றாள், என்ன சொன்னாள் என்று ஞாபகப்படுத்திப் பார்த்தேன். அப்பாவின் நாற்காலியும் ஆணியில் தொங்கிய சட்டையும் ஞாபகம் வந்தன. அம்மாவின் முகம் வரவில்லை. முப்பத்தெட்டு வயதில் அவள் முகம் எப்படி இருந்தது என்றே எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைத் திரும்பிப் பார்த்தேன்.

வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. எழுந்து சக்கரத்தை மாட்டி, உரசாமல் இருக்க பிரேக்கைத் தளர்த்திவிட்டு, சைக்கிளைத் தள்ள ஆரம்பித்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் முன் சக்கரம் ஒரு பக்கமாக ஒதுங்கி ஒதுங்கி உருண்டது.

"நீ முன்னாடி போ. நான் மெயின் ரோட்டுக்கு வந்து ஏதாவது வண்டில ஏத்திக்கிட்டு வந்துடறேன்" என்றேன்.

"நீங்க நடங்க. நான் பின்னாடி வர்றேன்."

இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு, இரண்டு கால்களையும் தரையில் தேய்த்துக்கொண்டு, நான் நடக்கிற வேகத்துக்கே ஸ்கூட்டியை உருட்டினாள். ரோட்டின் உள்பக்கமாக, எனக்கும் வண்டிகளுக்கும் நடுவில் வந்தாள். கரும்பு டிராக்டர் ஒன்று பின்னால் வந்து ஹாரன் அடித்தது. அவள் ஒதுங்கவில்லை. மறுபடியும் அடித்தது. நான் திரும்பி, வழி விடு என்று கையைக் காட்டினேன். என்னைப் பார்க்காமல், ரோட்டையே பார்த்துக்கொண்டு அவள் வந்தாள்.